குழந்தைக்கும் தாத்தாவுக்கும் சேர்த்து கையெழுத்து கேக்கறாங்க, போடலாமா?

காசிமேடு பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. நோட்டுல ஏழு பக்கம் எழுதி போட்டோ புடிச்சு அனுப்பியிருக்காங்க. ஆள் யாருன்னு தெரியற மாதிரி இருக்கறதையெல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்லிடறேன்.

வயசு 29. கட்டிக்கிட்டது சொந்த தாய்மாமாவை, அதாவது அவங்களுக்கு மாமனார் மாமியார்னா அது அம்மாவைப் பெத்த தாத்தாவும் ஆயாவும்தான். ஒரே பொண்ணு, ஒரு வயசு எட்டு மாசம். பொறந்தப்போ மஞ்சக்காமாலை அதிகமாகி எட்டு நாள் பெட்டியில வெச்சிருந்தாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறதில்ல, ஆனா தெருவுல சாவு மேளம் போனா திரும்பிப் பாக்கறா, அதனால காது கேக்குது, பேச்சுதான் லேட்டுன்னு வீட்ல நெனச்சிட்டு இருந்துட்டாங்க. போன மாசம் டெஸ்ட் எடுத்ததுல ஓஏஇ (உள்காது சத்தத்துக்குப் பதில் குடுக்குதான்னு பாக்கற டெஸ்ட்) ரெண்டு காதுலயும் ரெஃபர்னு, அதாவது பதில் வரல, மேல டெஸ்ட் பண்ணணும்னு வந்திருக்கு, தூங்க வெச்சு எடுத்த பெரா டெஸ்ட்ல (சத்தம் நரம்பு வழியா மூளைக்குப் போகுதான்னு பாக்கறது) 90 டெசிபல் வரைக்கும் சத்தம் குடுத்தும் ரெண்டு பக்கமும் ஒண்ணும் வரல. காது மெஷின் மூணு மாசம் போட்டுப் பாருங்க, அப்புறம் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கற கருவி) பத்தி முடிவு பண்ணலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க.

இந்த நேரத்துல ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து, உங்க குடும்பத்துல மூணு தலைமுறையையும் எங்க ஸ்டடியில சேத்துக்கறோம், எல்லாருக்கும் ரத்தம் எடுப்போம், காது டெஸ்ட் பண்ணுவோம், பேச்சை ரெக்கார்ட் பண்ணுவோம்னு சொல்லி பேப்பர் குடுத்திருக்காங்க. தாத்தாவுக்கு 71 வயசு, கப்பல் ரிப்பேர்ல துரு தட்டுற வேலை முப்பது வருஷம் பாத்தவர், காது ரொம்ப நாளாவே மந்தம். எட்டு மாசத்துக்கு முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது கை வரல, பேச்சும் போச்சு, எதைக் கேட்டாலும் "அதான், அதான்"னு மட்டும் சொல்றார். அவர்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இவங்க கேட்டதுக்கு, வந்தவர் "சும்மா ஒரு கைரேகை வாங்கிடுங்க, போதும்"னு சொன்னாராம்.

கேள்விங்க இதுதான்: கையெழுத்து போடலன்னா ஆபரேஷன் கிடைக்காம போயிடுமா? ரத்தம் குடுத்தா "உன்னாலதான்"னு அதுல வந்துடுமா, ஏற்கனவே ஆயா அப்படித்தான் பேசறாங்க. மாமா, அதாவது அவங்க வீட்டுக்காரர், யூட்யூப்ல பாத்துட்டு "காதுல ஜீன் ஊசி போட்டா கேக்குதாம், தலையில எதுக்கு கத்தி வைக்கணும், ரெண்டு வருஷம் பொறுப்போம்"ங்கறார், அது சரியா? தாத்தாவுக்குப் புத்தியே போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படின்னா அவருக்கு பதிலா நாங்களே போட்டுடலாமா? கடைசியா, "நான் என் பொண்ணை ஆராய்ச்சி எலி ஆக்கறேனா அக்கா?"

தங்கச்சி, உங்க கடைசிக் கேள்வியை நான் நாலு தடவை படிச்சேன். இருபது வருஷத்துக்கு மேல வண்ணாரப்பேட்டைப் பக்கம் காது, பேச்சு பாக்கற வேலையிலயே இருக்கேன், எத்தனையோ அம்மாங்க எத்தனையோ பேப்பர்ல கையெழுத்து போட்டதைப் பாத்திருக்கேன், படிக்காமலே போடறவங்கதான் அதிகம். நீங்க பேப்பரைக் கையில வெச்சிட்டு கேள்வி கேக்கறீங்க. அந்தப் பயம் தப்பான பயம் இல்ல, எங்க துறையிலயே அதுக்குக் காரணம் இருக்கு. 1939ல அமெரிக்காவுல அயோவான்னு ஒரு மாகாணத்துல அநாதை விடுதிப் பிள்ளைங்க 22 பேரை வெச்சு திக்குவாய் பத்தி ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. நல்லா பேசிட்டிருந்த சில பிள்ளைங்ககிட்ட "உனக்குத் திக்குது, பாத்துப் பேசு"ன்னு மாசக்கணக்குல சொல்லிட்டே இருந்தாங்க, அதுங்க பயந்து போய் வாயே திறக்காம ஆயிடுச்சுங்க. அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்பு கேட்டது 2001ல, நஷ்டஈடு முடிவானது 2007ல, அப்போ அந்தப் பிள்ளைங்க தாத்தா பாட்டி வயசுக்கு வந்துட்டாங்க. இப்போ உங்க கையில இருக்கற அந்தப் பேப்பர், அதுல இருக்கற ஒவ்வொரு வரியும், இந்த மாதிரி நடந்ததுக்கெல்லாம் அப்புறம் வந்ததுதான். அதனால அதை சும்மா ஒரு ஃபார்மாலிட்டின்னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

வைத்தியம் வேற, ஆராய்ச்சி வேற

முதல் கேள்விக்கு நேரா பதில்: கையெழுத்து போடலன்னா ஆபரேஷன் நிக்காது, நிறுத்தவும் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐசிஎம்ஆர், 2017ல வெளியிட்ட நெறிமுறைகள்ல இது தெளிவா இருக்கு, ஆராய்ச்சியில சேர மாட்டேன்னு சொன்னாலும் பாதியில விலகினாலும் அந்த ஆளுக்குக் கிடைக்க வேண்டிய வழக்கமான வைத்தியம் அப்படியே கிடைக்கணும். உங்க பொண்ணுக்கு இம்ப்ளான்ட் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல 6 வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்களுக்கு இருக்கறது, குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு. அந்தத் திட்டத்துக்கும் இந்த ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல. வருமான சர்டிபிகேட், காப்பீட்டு கார்டு இல்லைன்னா இன்னிக்கே அந்த வேலையை ஆரம்பிங்க, அதுல பேர் தப்பு அட்ரஸ் தப்புன்னு அலையறதுலயே மாசம் ஓடிடும்.

இன்னொண்ணும் கேளுங்க. ஆராய்ச்சியில சேந்தா உங்க பொண்ணுக்கு நேரடியா லாபம் வரும்னு நெனச்சும் போடாதீங்க. லெட்டர்ல ஒரு இடத்துல "சேந்தா நல்லா கவனிப்பாங்களோ"ன்னு எழுதியிருக்கீங்க. கவனிப்பு எல்லாருக்கும் ஒண்ணாதான் இருக்கணும். ஆராய்ச்சியோட வேலை நாளைக்கு வரப்போற பிள்ளைங்களுக்கு வழி கண்டுபுடிக்கறது, உங்க பொண்ணுக்கு அதுல ஏதாவது கிடைச்சா நல்லது.

அப்போ எதுக்கு சேரணும்னு கேப்பீங்க. என் மனசுல இருக்கறதைச் சொல்றேன், நான் சேருங்கன்னு சொல்ற கட்சிதான். நாங்க குழந்தைங்க பேச்சை அளக்கற டெஸ்ட்ல நெறைய இங்கிலீஷ் பேசற பிள்ளைங்களுக்காக செஞ்சதை நம்ம பக்கம் மாத்திக்கிட்டது. நம்ம தெருவுல ஒரு பிள்ளை ழகரத்தை எப்போ சொல்லும், "இருக்குது"ங்கறதை எந்த வயசுல "கீது"ன்னு சுருக்கும், எது நம்ம பேச்சு வழக்கு எது குறைபாடு, இதெல்லாம் நம்ம பிள்ளைங்க பேசறதை ரெக்கார்ட் பண்ணாம யாருக்கும் தெரியாது. வடசென்னைப் பேச்சையே குறைபாடுன்னு எழுதி அனுப்பற ரிப்போர்ட்டை நான் கண்ணால பாத்திருக்கேன், வயிறெரியும். ஜீன் விஷயமும் அப்படித்தான். காது கேளாமைக்கு அதிகமா காரணமா இருக்கற கனெக்ஸின் 26ங்கற ஜீன்ல ஐரோப்பாக்காரங்களுக்கு ஒரு இடத்துல பழுதுன்னா, நம்ம நாட்டுல பெரும்பாலும் வேற இடத்துல பழுது, டபிள்யூ 24 எக்ஸ்னு அதுக்குப் பேர். நம்ம குடும்பங்க ரத்தம் குடுத்ததாலதான் அது தெரிஞ்சது, இல்லன்னா அவங்க ஊர் பழுதையே இங்கயும் தேடிட்டு இருந்திருப்போம்.

ஆனா சேரறது உங்க விருப்பம். நான் சொல்றேன்னும் சேர வேணாம்.

"ஊசி வரட்டும், பொறுப்போம்"

மாமா பாத்த வீடியோ பொய் இல்ல. 2024 ஜனவரியில லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில வந்தது, சீனாவுல ஷாங்காய்ல 6 குழந்தைங்களுக்கு காதுக்குள்ள ஜீன் மருந்து செலுத்தி 5 பேருக்கு கேக்க ஆரம்பிச்சது. எங்களுக்கெல்லாம் அன்னிக்கு கண்ணு கலங்குச்சு, அது உண்மை. ஆனா அது ஓடோஃபெர்லின்ங்கற ஒரே ஒரு ஜீன் பழுதான குழந்தைங்களுக்கு மட்டும். பொறவியிலேயே காது கேக்காத குழந்தைங்கள்ல அந்த ஜீன்காரங்க ரொம்பக் கொஞ்சம். அதுலயும் அந்த வகைப் பிள்ளைங்களுக்கு ஆரம்பத்துல ஓஏஇ பெரும்பாலும் நல்லா வரும், பெரால மட்டும்தான் ஒண்ணும் வராது, ஏன்னா உள்காதுல சத்தத்தை வாங்கற முடி செல் வேலை செய்யும், அங்க இருந்து நரம்புக்கு செய்தி போற இடத்துலதான் கோளாறு. உங்க பொண்ணுக்கு ரெண்டுமே வரல. அதை வெச்சு முழுசா இல்லன்னு சொல்லிட முடியாது, ஆனா வாய்ப்பு இன்னும் கம்மி. இதுல உங்க டாக்டர்கிட்ட ஒண்ணு கேளுங்க, ஓஏஇ எடுத்த அன்னிக்கு குழந்தைக்கு சளி இருந்துச்சா, டிம்பனோமெட்ரி, அதாவது நடுக்காது டெஸ்ட், எடுத்தாங்களான்னு. நடுக்காதுல நீர் கோத்திருந்தாகூட ஓஏஇ ரெஃபர்னு வரும். பெரா இருக்கறதால பெரிய முடிவு மாறாது, இருந்தாலும் ஃபைல் முழுசா இருக்கணும்.

மாமா பயம் எனக்குப் புரியுது, இத்தனூண்டு தலையில கத்தியான்னு. அதைத் திட்டாதீங்க, டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போய் ஆபரேஷன்ல என்னென்ன ஆகலாம், முக நரம்பு, தொத்து, மூளைக் காய்ச்சலுக்கான தடுப்பூசி எப்போ, எல்லாம் அவர் வாயாலயே கேக்கட்டும். ஆனா அவருக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்க. காது கேக்கறது காதோட முடியற வேலை இல்ல, மூளை கத்துக்கணும், அதுக்கு ஒரு வயசு இருக்கு. அனு சர்மான்னு ஒரு விஞ்ஞானியும் அவங்க கூட இருந்தவங்களும் பொறவியிலேயே காது கேக்காம இம்ப்ளான்ட் வெச்ச 104 குழந்தைங்களோட மூளை அலையைப் பாத்து 2002ல எழுதினாங்க. மூணரை வயசுக்குள்ள வெச்ச பிள்ளைங்களுக்கு சத்தத்துக்கு மூளை பதில் சொல்ற வேகம் காது கேக்கற பிள்ளைங்க அளவுக்கு வந்துடுச்சு, ஏழு வயசுக்கு மேல வெச்சவங்களுக்குப் பெரும்பாலும் வரல. உங்க பொண்ணுக்கு இப்போ ஒரு வயசு எட்டு மாசம், மாமா சொல்ற ரெண்டு வருஷத்தைக் கூட்டிப் பாருங்க, மூணரையைத் தாண்டிடும். சாமிக்கு வேண்டிக்கிட்டு, "பக்கத்து வீட்டுப் பையன் நாலு வயசுலதான் பேசினான்"னு நம்பி, அஞ்சரை வயசுல என்கிட்ட வந்த ஒரு பிள்ளை இருக்கு. ஆபரேஷன் நல்லபடியா ஆச்சு, அது சத்தத்துக்குத் திரும்புது, ஆனா ஒரு வாக்கியம் கோக்கறதுக்கு அது படற பாடு இருக்கே, அவங்க அப்பா இன்னிக்கும் என் முன்னாடி உக்காந்து அந்த மூணு வருஷத்தைப் பத்தித்தான் பேசுவார்.

சாவு மேளத்துக்குத் திரும்பறாளேன்னு கேட்டீங்க இல்ல, அதுக்கும் இங்கயே சொல்லிடறேன். அந்த மேளம் நெஞ்சுக்குள்ள அதிரும், தரை அதிரும், வீட்ல இருக்கறவங்க எல்லாரும் வாசப்பக்கம் திரும்புவாங்க, அதைப் பாத்தும் பிள்ளை திரும்பும். தாழ்ந்த சத்தம் கொஞ்சம் மிச்சம் கேக்கறதாவும் இருக்கலாம். ஆனா "அம்மா"ங்கறதுக்கும் "ஆயா"ங்கறதுக்கும் வித்தியாசம் தெரிய அது பத்தாது. ஆறு மாசத்துல "ங்கா"ன்னு சத்தம் போட்டாளேன்னும் எழுதியிருக்கீங்க, காது கேக்காத குழந்தைங்களும் முதல் சில மாசம் அப்படி சத்தம் போடும், அதுக்கப்புறம்தான் "மமமா, பபபா" வராம நின்னுடும். உங்க மேல தப்பில்ல, காது கேக்கற பிள்ளையை மாதிரியே இருந்ததால யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்க.

ரத்தத்துல என்ன வரும்

ஆயா பேசறதைப் படிச்சப்போ மனசு கஷ்டமா இருந்துச்சு. உங்க அம்மாவைப் பெத்தவங்க அவங்க, அவங்களே "உன் ராசி"ன்னு சொல்றப்போ எங்க போய் அழறது.

பொறவிக் காது கேளாமையில கிட்டத்தட்ட பாதிக்கு ஜீன் காரணம்னு வெச்சுக்கங்க, மீதிக்கு வேற காரணங்க இருக்கு, கர்ப்பத்துல வர சில கிருமி, குறைமாசம், பெட்டியில வெச்சப்போ குடுக்கற சில மருந்து, அதிகமான மஞ்சக்காமாலை. உங்க பொண்ணுக்கு எட்டு நாள் மஞ்சக்காமாலை இருந்திருக்கு, அதனால ஜீன்தான்னு இப்பவே யாரும் முடிவு கட்ட முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில பிலிரூபின் (மஞ்சக்காமாலை) அளவு எவ்வளவு, என்னென்ன ஊசி போட்டாங்கன்னு இருக்கும், அதைத் தேடி எடுத்து ஃபைல்ல வைங்க.

ஜீன்னே வந்தாலும் அது எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கங்க. பெரும்பாலும் அம்மாகிட்ட இருந்து ஒரு பழுது காப்பி, அப்பாகிட்ட இருந்து ஒரு பழுது காப்பி, ரெண்டும் சேந்தாதான் பிள்ளைக்குக் காது கேக்காம போகும். ஒரு காப்பி மட்டும் இருக்கற ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது, காது நல்லாவே கேக்கும். அதனால "உன்னாலதான்"னு ஒரு ஆளைக் காட்டற மாதிரி ரிப்போர்ட்டே வராது, வந்தா ரெண்டு பேர் பேரும் வரும். இன்னும் சொல்லப்போனா தாய்மாமாவைக் கட்டினதால உங்களுக்கும் மாமாவுக்கும் ஜீன்ல நாலுல ஒரு பங்கு பொது, அந்தப் பொதுவான பங்கு வந்தது தாத்தா ஆயாகிட்ட இருந்துதான், உங்க அம்மா வழியா உங்களுக்கு, நேரா மாமாவுக்கு. இதை ஆயாவைத் திருப்பி அடிக்கறதுக்காக சொல்லல, அவங்களுக்கும் அது தெரியாமலே கையில வந்த சீதனம். வீட்ல இந்தப் பேச்சை எடுக்கறது நீங்களா இருக்க வேணாம், டாக்டரோ ஜெனடிக் கவுன்சிலரோ எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சு சொல்லட்டும்.

சொந்தத்துல கட்டினதாலதானான்னு கேட்டீங்க. சொந்தத்துல கட்டினா ஒரே பழுது ரெண்டு பக்கமும் இருக்கற வாய்ப்பு கூடும், அது உண்மை, மறைக்க மாட்டேன். சொந்தமே இல்லாத தம்பதிக்கும் இதே மாதிரி பிள்ளை பொறக்குது, அதுவும் உண்மை. ஜீன் தெரிஞ்சா ஒரு உபயோகம் இருக்கு. ரெண்டு பேரும் அந்தப் பழுதைச் சுமக்கறவங்கன்னு உறுதியானா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு இருக்கும், அடுத்த குழந்தைக்குப் பொறந்த உடனே டெஸ்ட் எடுத்து ஆறு மாசத்துக்குள்ள வைத்தியத்தை ஆரம்பிச்சிடலாம். எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு "காரணம் தெரியல"ன்னும் வரலாம், அதுக்கும் தயாரா இருங்க.

தாத்தாவுக்கும் காது மந்தம், அதான் பேத்திக்கு வந்திருக்குன்னு உங்க வீட்ல ஒரு பேச்சு ஓடுது. எனக்கு அப்படித் தோணல. முப்பது வருஷம் இரும்புல சுத்தியலால துரு தட்டினவர், காதுல பஞ்சுகூட வெச்சிருக்க மாட்டார். அந்த மாதிரி சத்தத்துல போற காதுக்கு ஆடியோகிராம்ல, அதாவது காது டெஸ்ட் படத்துல, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு பள்ளம் விழும், டெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் தெரிஞ்சிடும், வயசாக ஆக அது மத்த இடத்துக்கும் பரவிக் கொஞ்சம் மறையும். சத்தத்தால காது போறது தொழிலாளர் சட்டத்துலயே தொழில் நோய்ப் பட்டியல்ல இருக்கு. மாமா போட் இன்ஜின் மெக்கானிக்னு எழுதியிருக்கீங்க, ஆராய்ச்சியில சேந்தா அவர் காதையும் டெஸ்ட் பண்ணிடுவாங்க, சேரலன்னாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஈஎன்டில ஒரு தடவை காட்டிட்டு வரச் சொல்லுங்க.

பேப்பர்ல பாக்க வேண்டியது

- தகவல் தாள் தமிழ்ல இருக்கணும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிக்க டைம் குடுக்கணும். கையெழுத்து போட்ட காப்பி ஒண்ணு உங்களுக்கு. எதிக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சி நியாயமா நடக்குதான்னு பாக்கற குழு) அனுமதி இருக்கா, அந்தக் கமிட்டியில யாரைக் கூப்பிட்டுக் கேக்கலாம்னு போன் நம்பரோட இருக்கணும்.

- ரத்தத்தை இந்த ஸ்டடிக்கு மட்டும் வெச்சுக்கறாங்களா, எடுத்து வெச்சு பின்னாடி வேற ஆராய்ச்சிக்கும் உபயோகிப்பாங்களா? ரெண்டுக்கும் தனித்தனியா சம்மதம் கேக்கச் சொல்லுங்க. ஒண்ணுக்கு சரி, இன்னொண்ணுக்கு வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

- ரிசல்ட் யார்கிட்ட சொல்வாங்க? உங்க விஷயத்துல இதுதான் முக்கியம். உங்க ரிசல்ட் உங்களுக்கும் மாமாவுக்கும் மட்டும், வீட்ல வேற யார்கிட்டயும் போன்ல சொல்லக்கூடாதுன்னு எழுத்துல வாங்கிக்கங்க. வேணாம்னா ரிசல்ட்டே தெரிஞ்சுக்காம இருக்கவும் கேக்கலாம்.

- ஆராய்ச்சிக்காகன்னு எடுக்கற டெஸ்ட்டுக்கு உங்ககிட்ட ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. போக வர செலவு, அன்னிக்கு போன கூலி இதெல்லாம் கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க, குடுக்கலாம்னு நெறிமுறையிலயே இருக்கு.

- குழந்தை வீடியோ எடுப்பாங்கன்னா அதை எங்க காட்டுவாங்க, முகத்தை மறைப்பாங்களான்னு கேளுங்க.

- எப்ப வேணா விலகலாம்னு ஒரு வரி இருக்கணும். அந்த வரி இல்லாத பேப்பரா இருந்தா அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க.

உங்க பொண்ணு சின்னக் குழந்தைங்கறதால நீங்களும் மாமாவும் சம்மதிக்கறதுதான் கணக்கு. நாளைக்கு அவ ஏழு வயசானதுக்கு அப்புறமும் இந்த ஸ்டடி ஓடிச்சுன்னா அவகிட்டயும் அவளுக்குப் புரியற மாதிரி கேக்கணும்.

தாத்தாவோட கைரேகை

லெட்டர்ல எனக்குக் கோவம் வந்த இடம் இது ஒண்ணுதான். தாத்தாவுக்குப் புத்தி போகல தங்கச்சி. நீங்களே எழுதியிருக்கீங்க, பேரன்பேத்தி வந்தா சிரிக்கறார், குழம்புல உப்பு இல்லன்னா தட்டைத் தள்ளறார், ஞாயித்துக்கிழமை ஜெபம் மட்டும் முழுசா சொல்றார், ஆனா தண்ணி கேக்கத் தெரியல. மூளையில பேச்சைக் கோக்கற இடத்துல அடிபட்டா இப்படித்தான் ஆகும், அஃபேசியான்னு பேர். மனப்பாடமா வர ஜெபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்றது, கெட்ட வார்த்தைகூட நல்லா வரும், சொந்தமா ஒரு வார்த்தையைத் தேடி எடுக்கறப்போதான் கை நழுவும். 1861ல பாரிஸ்ல ப்ரோகாங்கற டாக்டர்கிட்ட இதே மாதிரி ஒருத்தர் இருந்தார், லெபோர்ன்னு பேர், எதைக் கேட்டாலும் "டான் டான்"னு மட்டும் சொல்வார், ஆனா சொன்னதைப் பெரும்பாலும் புரிஞ்சுப்பார், கையால பதில் காட்டுவார். மூளையில பேச்சுக்குன்னு ஒரு இடம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே அவரால. உங்க தாத்தாவோட "அதான் அதான்" எனக்கு அவரைத்தான் ஞாபகப்படுத்துச்சு.

அதுக்கு மேல தாத்தாவுக்குக் காதும் மந்தம். மெஷின் போடாம ஒருத்தர் எதிர்ல நின்னு கேள்வி கேட்டு, பதில் வரலன்னதும் புரியலன்னு முடிவு பண்ணிட்டாங்க. முதல்ல காதை டெஸ்ட் பண்ணி மெஷின் போடணும், அப்புறம்தான் அவருக்கு எவ்வளவு புரியுதுன்னே அளக்க முடியும். எட்டு மாசம் ஆச்சு, இனி பேச்சு வராதுன்னு விட்டுடாதீங்க. 2017ல ஜெர்மனியில ஸ்ட்ரோக் வந்து ஆறு மாசம் தாண்டினவங்க 156 பேரை வெச்சுப் பாத்தாங்க, வாரத்துக்கு பத்து மணி நேரத்துக்கு மேல மூணு வாரம் ஸ்பீச் தெரபி குடுத்ததுல பேச்சு முன்னேறுச்சு. பழைய மாதிரி ஆயிடுவார்னு நான் சொல்ல மாட்டேன், தண்ணி கேக்கற அளவுக்கு வரலாம், அது சின்ன விஷயமா?

இப்போ சட்டம். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 6, ஊனம் உள்ள ஒருத்தரை அவரோட சுதந்திரமான சம்மதம் இல்லாம எந்த ஆராய்ச்சிக்கும் உட்படுத்தக்கூடாதுன்னு சொல்லுது. அந்தச் சம்மதத்தையும் அவருக்குப் புரியற வழியில, அவரால பதில் சொல்ல முடியற வழியில வாங்கணும். அதோட அரசாங்கம் அமைச்ச ஒரு கமிட்டியோட முன் அனுமதியும் வேணும், அந்தக் கமிட்டியில பாதிப்பேராவது மாற்றுத் திறனாளிங்களாவோ அவங்க சங்கத்து ஆளுங்களாவோ இருக்கணும். காது கேளாமையும் சரி, அஃபேசியா மாதிரி பேச்சு, மொழிக் குறைபாடும் சரி, ரெண்டுமே அந்தச் சட்டத்துல இருக்கற 21 ஊனங்கள்ல வருது. அதனால "சும்மா ஒரு கைரேகை"ங்கறது இல்லவே இல்ல. கைரேகை வாங்கறதுன்னாகூட அந்த ஆராய்ச்சிக்கு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிஞ்ச ஒரு சாட்சி பக்கத்துல இருந்து முழுசும் படிச்சுச் சொன்னதைப் பாத்து அவரும் கையெழுத்து போடணும். வந்தவர் அவசரத்துல தெரியாம சொல்லியிருக்கலாம், எதிக்ஸ் கமிட்டி நம்பருக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லுங்க, பெரும்பாலும் அங்கயே சரியாயிடும். சரியாகலன்னா மாற்றுத் திறனாளிகளுக்கான மாநில ஆணையர்கிட்ட மனு குடுக்கலாம்.

தாத்தாகிட்ட எப்படிக் கேக்கறதுன்னா, டிவியை அணைச்சிட்டு, அவருக்கு நல்லா கேக்கற காதுப் பக்கம் உக்காந்து, முகம் தெரியற மாதிரி மெதுவா பேசுங்க. ஒரு தாள்ல ஊசி படம், இன்னொண்ணுல காதுல ஹெட்போன் மாட்டின படம், இன்னொண்ணுல பேசற வாய் வரைஞ்சுக்கங்க. சரின்னா கட்டைவிரல் மேல, வேணாம்னா தலையாட்டணும்னு முதல்ல பழக்குங்க, உங்க பேர் மல்லிகாவான்னு தப்பா கேட்டுப் பாருங்க, வேணாம்னு தலையாட்டறாரான்னு. அது சரியா வந்தா ஒவ்வொரு படமா காட்டி "இது பண்ணட்டுமா"ன்னு கேளுங்க, கொஞ்ச நேரம் கழிச்சு "இது வேணாமா"ன்னு மாத்திக் கேளுங்க, மறுநாள் இன்னொரு தடவை. மூணு தடவையும் பதில் மாறலன்னா அதுதான் அவர் முடிவு. மாறிட்டே இருந்தா இப்போதைக்கு அவரைச் சேக்காதீங்க, ஸ்டடி காத்திருக்கட்டும்.

லெட்டர் ஓரத்துல குட்டியா எழுதியிருந்தீங்க, பாப்பா காது மெஷினைப் புடுங்கி எறியறான்னு. எல்லாப் பிள்ளையும் எறியும். முதல் நாள்ல நாள் முழுக்க மாட்டாதீங்க, சாப்பாடு ஊட்டறப்போ பத்து நிமிஷம், குளிச்சு முடிச்சு உங்க மடியில இருக்கறப்போ பத்து நிமிஷம், அப்படியே கூட்டிட்டே போங்க, ரெண்டு மூணு வாரத்துல முழிச்சிருக்கற நேரமெல்லாம் மெஷின் இருக்கணும். மெஷினுக்குக் கயிறு கிளிப் இருக்கு, சட்டையில மாட்டிடலாம், இல்ல மெல்லிசா ஒரு காட்டன் தொப்பி. மோல்டு (காதுக்குள்ள பொருத்தற அச்சு) இறுக்கமா இருந்து காது மடல் செவந்திருந்தா அதுதான் காரணமா இருக்கும், மாத்தித் தரச் சொல்லுங்க. உங்க ஏரியாவுல உப்புக் காத்து, வேர்வை, மெஷின் சீக்கிரம் கெட்டுடும், ராத்திரி கழட்டினதும் துடைச்சு பேட்டரிக் கதவைத் திறந்து சிலிக்கா ஜெல் டப்பாவுல வைங்க, ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க. மாட்டியிருக்கற நேரம் பேசிட்டே இருங்க, கை ஜாடையும் காட்டுங்க, ஜாடை காட்டினா பேச்சு வராதுங்கறது பழைய பயம், அதை நம்ப வேணாம். தினம் எத்தனை மணி நேரம் போட்டிருந்தா, எதுக்குத் திரும்பினா, அதே நோட்டுல எழுதிட்டு வாங்க, மூணு மாசம் கழிச்சு டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.